நூலகத்துக்குப் பின்னால் ஒரு மேடு

சனிக்கிழமை மதியம் மகள் நூலகத்தில் இருக்கிற இரண்டு மணி நேரம் எனக்கு ஓய்வு. அவளை இறக்கிவிட்டு வீட்டுக்குப் போய்த் திரும்பினால் பெட்ரோல் வீண். பக்கத்தில் இருக்கிற ஷாப்பிங் சென்டருக்குள் நுழைந்தால் அதைவிட வீண். ஆகவே வெயில் அடித்தால் டிபன் டப்பாவோடு நூலகக் கட்டடத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிடுவேன். அங்கே புல் மூடிய ஒரு மண்மேடு இருக்கிறது. பெரிய மேடு என்று நினைத்துவிடாதீர்கள், சின்னக் குழந்தைகூட ஓடி ஏறிவிடும். கட்டடம் கட்டும்போது மிஞ்சிய மண்ணைக் குவித்து அழகுக்காகப் புல் போட்டிருக்கிறார்கள் என்றுதான் ஆறு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன். இங்கிலாந்தின் மில்டன் கீன்ஸில் அப்படி நினைப்பது தப்பும் இல்லை. 1967-இல் காகிதத்தில் கோடு போட்டு ஆரம்பித்த நகரம் இது. ஏரி வெட்டி வைத்தது. புல்வெளியில் நிற்கிற மாடுகூட கான்கிரீட் சிலை.

மேடு என்னவென்று தெரிந்தது என் சைக்கிள் திருடு போன வாரம். வேலைக்கு நான் சைக்கிளில் போகிறவன். இங்கே ரெட்வே என்று செந்நிறத்தில் சைக்கிள் பாதை நகரம் முழுக்க ஓடுகிறது, காரைப் பார்க்காமலே அலுவலகம் போய்விடலாம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்து பார்த்தால் பூட்டு மட்டும் இரண்டு துண்டாகக் கிடக்கிறது. புகார் கொடுத்தேன். ஓர் எண் வந்தது. கேமரா இருக்கிற கம்பத்துக்கு நேர் எதிரே பூட்டியிருந்தேன் என்று எழுதினேன். அதற்குப் பதில், துப்பு எதுவும் இல்லாததால் விசாரணையை முடித்துக்கொள்கிறோம் என்ற மின்னஞ்சல். மறுநாள் காலையிலேயே வந்துவிட்டது. அந்த வேகத்தை மட்டும் பாராட்ட வேண்டும்.

இதை நூலகத்தில் ஒரு வயதான ஊழியரிடம் புலம்பிக்கொண்டிருந்தேன். அவர் சிரிக்காமல், "பின்னால் மேடு இருக்கிறதே, அங்கே போய்ச் சொல்லிப் பாருங்கள். ஆயிரம் வருடம் முன்னால் திருட்டு வழக்கெல்லாம் அங்கேதான் நடந்தது" என்றார். பிறகு உள்ளூர் வரலாற்று அலமாரியைக் கைகாட்டிவிட்டுப் போய்விட்டார்.

அன்றிலிருந்து ஐந்தாறு சனிக்கிழமை அந்த அலமாரியிலேயே போயிற்று.

அது செக்லோ மேடு. செக்லோ ஹண்ட்ரெட் என்ற பழைய நிர்வாகப் பிரிவின் சபை கூடிய இடம். ஹண்ட்ரெட் என்றால் நூறுதான், வேறு பொருள் இல்லை. ஷயர் என்பது மாவட்டம், அதற்குக் கீழே ஹண்ட்ரெட், அதற்கும் கீழே கிராமம். நம் ஊர்க் கணக்கில் வட்டம், பிர்கா நிற்கிற இடத்தில் இதை வைத்துக்கொள்ளலாம். எதற்கு நூறு? நூறு ஹைட் நிலம் என்பதுதான் பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். ஒரு குடும்பம் பிழைக்கத் தேவையான நிலம் ஒரு ஹைட். எத்தனை ஏக்கர் என்று கேட்டால் ஊருக்கு ஊர் மாறும், 120 ஏக்கர் என்று தோராயமாகச் சொல்வார்கள். உண்மையில் அது வரி போடுவதற்கான அலகு. நிலத்தை அளந்து எண்ணியதைவிட, இந்த ஊர் இத்தனை ஹைட்டுக்கு வரி கட்ட வேண்டும் என்று தலையில் கட்டியதுதான் அதிகம். வைக்கிங்குகள் குடியேறிய வடக்கு, கிழக்கு மாவட்டங்கள் பலவற்றில் இதே பிரிவுக்கு வேப்பன்டேக் என்று பெயர். ஆயுதத்தைத் தூக்கிக் காட்டிச் சம்மதம் சொல்வதிலிருந்து வந்த சொல். கென்டிலும் சஸெக்ஸிலும் இவற்றுக்கு மேலே இன்னொரு அடுக்கு உண்டு. அதற்குள் நாம் போக வேண்டாம்.

நான் இருக்கிற பக்கிங்ஹாம்ஷயரில் 1086-இல் டூம்ஸ்டே என்ற நில, வரிக் கணக்கெடுப்பு நடந்தபோது 18 ஹண்ட்ரெட்டுகள். இன்றைய மில்டன் கீன்ஸ் நகரத்தின் பெரும்பகுதி செக்லோவில் அடங்கும். ஊசல் என்று ஒரு சின்ன ஆறு நகரத்தின் கிழக்குப் பக்கமாக ஓடுகிறது. அதைத் தாண்டினால் மோல்ஸோ ஹண்ட்ரெட். வடக்கே கிரேட் ஊஸ் ஆற்றுக்கு அப்பால் பன்ஸ்டி ஹண்ட்ரெட். வுல்வர்டன், பிராட்வெல், லௌடன், வஃப்டன், கிரேட் லின்ஃபர்டு எல்லாம் செக்லோ. ஊர்ப் பெயரைப் பற்றி ஒரு சின்ன வயிற்றெரிச்சல்: லௌடன், வஃப்டன், ப்ராட்டன் ஆகிய மூன்று ஊர்ப் பெயருக்கும் நடுவில் ஆங்கிலத்தில் அதே நான்கு எழுத்துதான். மூன்றையும் மூன்று விதமாகச் சொல்ல வேண்டும். வந்த புதிதில் டாக்ஸிக்காரரிடம் நான் வாங்கிய பேச்சு கொஞ்சமில்லை.

வேடிக்கை என்னவென்றால் மில்டன் கீன்ஸ் என்ற கிராமம் (நகரத்துக்குப் பெயர் கொடுத்த அந்தப் பழைய சிற்றூர் இன்னும் இருக்கிறது) செக்லோவில் இல்லை. ஆற்றுக்குக் கிழக்கே, மோல்ஸோவில் இருக்கிறது. கீன்ஸ் என்பது பொருளாதார அறிஞரின் பெயர் என்று எங்கள் அலுவலகத்தில் ஒருவர் இன்றைக்கும் சாதிக்கிறார். இல்லை. அந்தக் கிராமத்தை இடைக்காலத்தில் வைத்திருந்த, பிரான்சிலிருந்து வந்த நார்மன் குடும்பத்தின் பெயர் அது.

இன்னும் வேடிக்கை, என் வீடும் செக்லோவில் இல்லை. நான் இருப்பது ஷென்லி புரூக் எண்ட். ஷென்லி என்ற ஊரே இரண்டாகப் பிரிந்து கிடந்திருக்கிறது. கோயில் இருக்கும் பாதி, அதாவது சர்ச் எண்ட், செக்லோ. ஓடை இருக்கும் பாதி, புரூக் எண்ட், மர்ஸ்லி ஹண்ட்ரெட். ஒரே ஊர்க்காரர்கள் இரண்டு சபைக்கு நடந்திருக்கிறார்கள். ஆக, நூலக ஊழியர் சொன்னபடி நான் மேட்டில் போய் முறையிட்டிருந்தால், நீ எந்த ஹண்ட்ரெட் என்று கேட்டுத் திருப்பி அனுப்பியிருப்பார்களோ என்னவோ.

செக்லோ என்ற பெயரின் பின்பாதியான லோ, பழைய ஆங்கிலத்தில் மேடு. ஆக ஹண்ட்ரெட்டுக்கு மேட்டின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். நகரத்தின் நடுவே செக்லோ கேட் என்று ஒரு சாலை போகிறது. தினமும் அதன் வழியாகப் போயும் அந்தப் பெயர் யாரோ கட்டட முதலாளியுடையது என்று இருந்துவிட்டேன். மேடு இருப்பது அந்த வட்டாரத்தின் உயரமான முகட்டில். எந்தக் கிராமத்துக்கும் சொந்தமில்லாத, எல்லாக் கிராமத்திலிருந்தும் நடந்து வரக்கூடிய இடம். ஹண்ட்ரெட் சபைகள் இப்படித்தான் இடம் பார்த்திருக்கின்றன: ஒரு மரம், ஒரு கல், ஒரு ஆற்றுத்துறை, ஒரு மேடு. கூரை கிடையாது. இங்கிலாந்து மழையில் கூரையில்லாமல் நீதிமன்றம் நடத்த ஒரு தனி வைராக்கியம் வேண்டும்.

நகரம் எழும்பிக்கொண்டிருந்த 1970-களில் அந்த மேட்டைத் தோண்டிப் பார்த்தார்கள். இங்கிலாந்தில் மேடு என்றால் பெரும்பாலும் உள்ளே ஓர் ஆதிகாலப் பிணக்குழி இருக்கும். இதில் ஒன்றுமில்லை. எலும்பு இல்லை, புதையல் இல்லை. ஏற்கெனவே இருந்த கல்லறை மேட்டைச் சபைக்கு எடுத்துக்கொள்ளவில்லை, கூடுவதற்கென்றே மண் போட்டுக் கட்டியிருக்கிறார்கள் என்ற முடிவுக்கு அகழாய்வாளர்கள் வந்தார்கள். எனக்கு இந்தத் தகவல் மிகவும் பிடித்தது. மிச்ச மண் என்று நான் நினைத்தது முழுத் தப்பில்லை பாருங்கள்! மண்ணைக் கொட்டியதென்னவோ உண்மை. யார், எதற்குக் கொட்டினார்கள் என்பதில்தான் ஆயிரம் வருடம் தவறிவிட்டேன்.

சரி, அங்கே என்னதான் செய்தார்கள்?

10-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் எழுதிய ஒரு சின்னச் சட்டம் இருக்கிறது. ஹண்ட்ரெட்டை எப்படி நடத்த வேண்டும் என்றுதான் அது ஆரம்பிக்கிறது. எட்கார் அரசர் காலத்தது என்று பெரும்பாலும் சொல்கிறார்கள். நான்கு வாரத்துக்கு ஒரு முறை கூட வேண்டும். ஒருவருக்கொருவர் நியாயம் செய்துகொள்ள வேண்டும். அதற்கு அடுத்தபடியாகவே திருடன் வந்துவிடுகிறான். அந்தச் சட்டத்தின் உயிரே மாட்டுத் திருட்டுத்தான் என்று படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. மாடு போய்விட்டால் ஹண்ட்ரெட் தலைவருக்குச் சொல்ல வேண்டும். அவர் டைதிங்காரர்களுக்குச் சொல்வார். டைதிங் என்பது பத்துப் பேர் கூட்டு. எல்லோரும் கிளம்பித் தடம் பார்த்துப் போக வேண்டும். தடம் பக்கத்து ஹண்ட்ரெட்டுக்குள் போனால் அந்த ஊர்த் தலைவரிடம் சொல்லி அவரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். எல்லை வந்துவிட்டது, இனி எங்கள் வேலை இல்லை என்று நிற்க முடியாது. அடையாளம் தெரியாத மாட்டை யாரும், ஹண்ட்ரெட் தலைவரோ டைதிங் தலைவரோ சாட்சியாக இல்லாமல், தொழுவத்தில் கட்டக் கூடாது.

வர மறுத்தவனுக்கு என்ன? முதல் முறை 30 பென்னி. இரண்டாவது முறை 60. மூன்றாவது முறை அரை பவுண்டு. நான்காவது முறை சொத்து எல்லாம் போய்விடும், சட்டத்துக்கு வெளியே தள்ளிவிடுவார்கள். அரசர் மனம் வைத்தால்தான் உள்ளே வரலாம். கவனியுங்கள், இதெல்லாம் திருடனுக்கான தண்டனை இல்லை. பக்கத்து வீட்டுக்காரன் மாட்டைத் தேட வராதவனுக்கான தண்டனை.

என் சைக்கிளை அந்தக் காலத்துக்குக் கொண்டுபோய் மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன். புகார் சொன்ன அன்றைக்கே வஃப்டனிலிருந்தும் லௌடனிலிருந்தும் ஆட்கள் தடியோடு ரெட்வேயில் இறங்கியிருப்பார்கள். டயர்த் தடம் ஊசல் ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் மோல்ஸோகாரர்களும் கூட வந்திருப்பார்கள். இதைச் சொன்னதும் மனைவி, "தேடப் போற கூட்டத்துல உங்களையும் வாராவாரம் கூப்பிட்டிருப்பாங்க, தெரியும்ல?" என்றாள். அதுவும் உண்மை. எதிர்வீட்டுக்காரரின் பெயர்கூட எனக்குப் பல வருடம் தெரியாது.

இந்த அமைப்பைச் சமத்துவச் சொர்க்கமாக எழுதிவிட ஆசை வருகிறது. எழுதக் கூடாது. அடிமைகள் இருந்த சமூகம் அது. சபைக்கு வந்தவர்கள் சுதந்திர ஆண்கள். குற்றம் சாட்டப்பட்டவன் தனக்காகச் சத்தியம் செய்ய ஆள் சேர்க்க வேண்டும். ஆள் சேர்க்க முடியாவிட்டால் பழுக்கக் காய்ச்சிய இரும்பைப் பிடிக்கச் சொல்வார்கள், அல்லது தண்ணீரில் இறக்கிப் பார்ப்பார்கள். 1215-இல் போப்பாண்டவரின் சபை பாதிரியார்கள் இதில் கலந்துகொள்ளக் கூடாது என்று தடுத்த பிறகுதான் இந்தச் சோதனைகள் ஒழிந்தன. ஆனாலும் ஒரு விஷயம் வித்தியாசமானது. கூட்டத்தை நடத்துகிற அதிகாரி தீர்ப்புச் சொல்வதில்லை. வந்து நிற்கிற ஊர்க்காரர்கள்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். இந்த வழக்கம் நார்மன்கள் வந்த பிறகும் தொடர்ந்தது.

11-ஆம் நூற்றாண்டில் கனூட் அரசரின் சட்டம், 12 வயதைத் தாண்டிய ஒவ்வொரு சுதந்திர ஆணும் ஒரு ஹண்ட்ரெட்டிலும் ஒரு டைதிங்கிலும் சேர்ந்திருக்க வேண்டும் என்றது. என் மகளுக்கு இப்போதுதான் 12 முடிந்திருக்கிறது. அவளிடம் இதைச் சொன்னேன். "பொண்ணுங்களுக்கு இல்லையா? அப்ப எனக்கு வேண்டாம்" என்று போனைப் பார்க்கத் திரும்பிவிட்டாள்.

நார்மன்கள் 1066-இல் ஜெயித்து வந்ததும் ஹண்ட்ரெட்டைக் கலைக்கவில்லை. கலைத்தால் வரி வசூலிப்பது யார்? டூம்ஸ்டே கணக்குக்கே ஹண்ட்ரெட் வாரியாக ஆட்களைக் கூப்பிட்டுச் சத்தியம் வாங்கித்தான் சரிபார்த்தார்கள். கேம்பிரிட்ஜ்ஷயரில் அப்படிச் சத்தியம் செய்தவர்களின் பட்டியல் தப்பிப் பிழைத்திருக்கிறது. ஒவ்வொரு ஹண்ட்ரெட்டுக்கும் பாதிப்பேர் பிரெஞ்சு, பாதிப்பேர் இங்கிலீஷ். எங்கள் செக்லோவை டூம்ஸ்டே எழுத்தர் சிகெலை என்று எழுதியிருக்கிறார். வந்த புதிதில் நான் ஊர்ப் பெயரைக் கொன்ற மாதிரி அவரும் கொன்றிருக்கிறார் என்று ஒரு திருப்தி. அதில் வுல்வர்டன் 20 ஹைட், பிரான்சின் பிரிட்டனிப் பகுதியிலிருந்து வந்த மைனோ என்பவர் கையில் இருக்கிறது.

ஆனால் நார்மன்கள் இதே கூட்டுப் பொறுப்பை ஊருக்கு எதிராகத் திருப்பிவிட்டார்கள். ஹண்ட்ரெட்டுக்குள் ஒரு பிணம் கிடக்கிறது, கொன்றவன் பிடிபடவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். செத்தவன் இங்கிலீஷ்காரன்தான் என்று ஊர்க்காரர்கள் நிரூபிக்க வேண்டும். நிரூபிக்க முடியாவிட்டால் அவன் நார்மன் என்று எடுத்துக்கொண்டு முழு ஹண்ட்ரெட்டுக்கும் அபராதம். தனியாக நடமாடுகிற நார்மன்காரனை இருட்டில் போட்டுத்தள்ளாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. கலியாணங்களில் இரண்டு கூட்டமும் கலந்து, யார் நார்மன், யார் இங்கிலீஷ் என்றே சொல்ல முடியாத காலம் வந்தும் அபராதம் மட்டும் நிற்கவில்லை. 1340-இல்தான் எடுத்தார்கள். வருமானம் வருகிற சட்டம் சீக்கிரம் சாகாது.

செக்லோவுக்கு இன்னொரு தலைவலி சாலை. ரோமானியர்கள் போட்ட வாட்லிங் ஸ்ட்ரீட் இதன் ஊடாகத்தான் போகிறது, லண்டனிலிருந்து வடமேற்கே போகிற பெருவழி. இன்றைக்கும் அதே பெயரில், அதே நேர்க்கோட்டில், நகரத்தின் வி4 சாலையாக ஓடுகிறது. 1285-இல் முதலாம் எட்வர்டு வின்செஸ்டர் சட்டம் கொண்டுவந்தார். வழிப்பறி நடந்தால் ஊரே கூக்குரல் எழுப்பித் துரத்த வேண்டும். குறித்த காலத்துக்குள் கள்ளனைப் பிடித்துக் கொடுக்காவிட்டால், பறிகொடுத்தவனுக்கு அந்த ஹண்ட்ரெட் நஷ்டஈடு தர வேண்டும். சந்தை ஊர்களுக்கு நடுவே போகிற பெருவழியின் இரு பக்கமும் 200 அடிக்குப் புதர், பள்ளம் எதுவும் இல்லாமல் வெட்ட வேண்டும். பெரிய மரங்களை விட்டுவிடலாம். ஆள் ஒளிந்துகொள்ள இடம் இருக்கக் கூடாது என்பதுதான் காரணம்.

யோசித்துப் பாருங்கள். உள்ளே ஒதுங்கியிருக்கிற ஹண்ட்ரெட்டுக்கு இது பெரிய பாரமில்லை. லண்டன் சாலை குறுக்கே ஓடுகிற இடத்தில், செஸ்டருக்குப் போகிற ஏதோ வியாபாரி ஸ்டோனி ஸ்ட்ராட்ஃபர்டு பக்கம் பையைப் பறிகொடுத்தால், பிராட்வெல்லில் உழுதுகொண்டிருக்கிறவன் பணம் கட்ட வேண்டும். போகிறவன் யாரோ, பறித்தவன் யாரோ. வி4 சாலையில் ஓட்டும்போது இரு பக்கமும் புல்லும் தள்ளி நிற்கிற மரவரிசையும் பார்க்கும்போது எனக்கு அந்த 200 அடி ஞாபகம் வரும். இவர்கள் நட்டதற்கும் அந்தச் சட்டத்துக்கும் சம்பந்தமில்லை என்று தெரியும். இருந்தாலும் வரும்.

இதற்கிடையே மேடு காலியாகிக்கொண்டிருந்தது. பக்கிங்ஹாம்ஷயரில் ஹண்ட்ரெட்டுகளை மும்மூன்றாகக் கட்டிவிட்டார்கள். செக்லோ, மோல்ஸோ, பன்ஸ்டி மூன்றும் சேர்ந்து நியூபோர்ட்டின் மூன்று ஹண்ட்ரெட் என்றாயின. நியூபோர்ட் பேக்னல் சந்தையுள்ள பட்டணம். காலப்போக்கில் 'மூன்று' என்ற சொல்லும் உதிர்ந்து நியூபோர்ட் ஹண்ட்ரெட் மட்டும் நின்றது. எங்கள் மர்ஸ்லி, யார்ட்லியோடு சேர்ந்து காட்ஸ்லோவுக்குள் கரைந்தது. அந்த லோவும் மேடுதான். இப்படி 18 என்பது 8 ஆயிற்று.

அதற்குள் ஹண்ட்ரெட் என்பது ஒரு வருமான இனமாகவும் ஆகிவிட்டது. அபராதத்தில் பங்கு, கட்டணத்தில் பங்கு என்று வருகிறதே, சும்மா விடுவார்களா? அரசர் சிலவற்றைப் பிரபுக்களுக்கும் மடங்களுக்கும் கொடுத்தார். தன் கையில் இருந்ததை மாவட்ட அதிகாரியான ஷெரிஃப் மூலம் பெய்லிஃப் என்ற கீழ் அதிகாரிகளுக்குக் குத்தகைக்கு விட்டார். குத்தகை எடுத்தவன் போட்ட பணத்தை எப்படி எடுப்பான்? நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஜூரியாக வரவேண்டும் என்று மிரட்டி, வராமலிருக்கக் காசு வாங்குவது. ஆளைப் பிடித்து வைத்து, விடுவதற்குக் காசு வாங்குவது. 1274-இல் முதலாம் எட்வர்டு சிலுவைப்போரிலிருந்து திரும்பியதும் நாடு முழுக்க ஹண்ட்ரெட் வாரியாக ஜூரிகளைக் கூட்டி விசாரித்தார். இந்த ஹண்ட்ரெட் யார் கையில் இருக்கிறது, குத்தகைத் தொகையை ஏற்றி ஜனங்களைக் கசக்கியது யார், லஞ்சம் வாங்கிக்கொண்டு குற்றத்தை மறைத்தது யார் என்றெல்லாம் கேள்வி. அந்தப் பதில்கள்தான் ஹண்ட்ரெட் ரோல்ஸ் என்று இன்றும் இருக்கின்றன. ஜூரிகள் ஒவ்வொருவரும் முத்திரை குத்த, அந்த முத்திரைகள் ஓரமெல்லாம் கந்தல் மாதிரித் தொங்கியதால் சுருளுக்கு ராக்மன் ரோல் என்று பேச்சுவழக்கு. ஆங்கிலத்தில் முடிவே இல்லாத அலுவலகச் சடங்கை ரிக்மரோல் என்பார்களே, அந்தச் சொல் இதிலிருந்துதான் வந்தது. அலமாரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நான் சத்தமாகச் சிரித்தது இதற்குத்தான். புகார் எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு திரிந்தவனுக்கு அந்தச் சொல்லின் அருமை தெரியும்.

பக்கிங்ஹாம்ஷயரில் மிஞ்சிய எட்டு ஹண்ட்ரெட்டில் ஐந்து இப்படிக் கூட்டிக் கட்டியவை. மாவட்டத்தின் தெற்கு மூலையில் ஸ்டோக், டெஸ்பரோ, பர்ன்ஹாம் என்ற மூன்று மட்டும் பெயரை விடாமல் தனித்தனியாக நின்றன. சில்டர்ன் குன்றுகளில் இருப்பதால் சில்டர்ன் ஹண்ட்ரெட்ஸ். இந்தப் பெயரை நீங்கள் செய்தியில் கேட்டிருக்கலாம். பிரிட்டிஷ் பாராளுமன்ற உறுப்பினர் ராஜினாமா செய்ய முடியாது, 1624-இல் போட்ட தீர்மானம் அப்படி. ஆனால் அரசரிடம் சம்பளப் பதவி வாங்கினால் இடம் தானாகக் காலியாகிவிடும். அதனால் 1751-இல் ஜான் பிட் என்ற உறுப்பினர் விலகுவதற்காக, செய்ய ஒரு வேலையும் இல்லாத சில்டர்ன் ஹண்ட்ரெட்ஸ் காரியஸ்தர் பதவியைக் கொடுத்தார்கள். அது வழக்கமாகிவிட்டது. 2007-இல் டோனி பிளேர், 2023-இல் போரிஸ் ஜான்சன் எல்லாம் அந்தக் குன்றுகளின் காரியஸ்தர்களாகித்தான் வெளியேறினார்கள். 1985 டிசம்பரில் வட அயர்லாந்து யூனியனிஸ்ட் உறுப்பினர்கள் 15 பேர் ஒரே நாளில் விலகியபோது இந்தப் பதவியையும், இதற்கு இணையாக வைத்திருக்கிற நார்த்ஸ்டெட் பதவியையும் மாற்றி மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். ஒருவர் உட்கார்ந்த உடனே எழுந்து அடுத்தவருக்கு இடம் விட வேண்டும். மியூசிக்கல் சேர்.

எனக்கு இதில் கொஞ்சம் ஆற்றாமை. சபை கூடி நியாயம் பேசிய செக்லோவை யாருக்கும் தெரியாது. தென்மூலையில் இருந்த மூன்று மட்டும் உலகப் புகழ்.

ஹண்ட்ரெட்டின் சாவு மெதுவாக நடந்தது. சட்டத்தால் கொல்லவில்லை, வேலையை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார்கள். நியாயம் பேசும் வேலையை நிலப்பிரபுக்களின் மேனர் நீதிமன்றங்களும் சமாதான நீதிபதிகளும் எடுத்துக்கொண்டார்கள். 19-ஆம் நூற்றாண்டில் ஏழைகளைப் பார்ப்பதற்கு யூனியன், சாக்கடைக்கு ஒரு வாரியம், கள்ளனைப் பிடிக்கப் போலீஸ் என்று தனித்தனியாக வந்துவிட்டன. 1867 சட்டம் மிச்சமிருந்த சிறு கடன் வழக்குகளையும் புதிய கவுண்ட்டி நீதிமன்றத்துக்குத் தள்ளியது. கடைசியாக நின்றது நஷ்டஈடு. கலவரத்தில் கட்டடம் இடிந்தால் ஹண்ட்ரெட் பணம் தர வேண்டும் என்ற விதி 1886 வரை உயிரோடு இருந்தது. அந்த வருடம் அந்தப் பொறுப்பைப் போலீஸ் கணக்குக்கு மாற்றினார்கள். ஒழித்துவிட்டோம் என்று ஹண்ட்ரெட்டை இன்றுவரை யாரும் முறையாக அறிவிக்கவில்லை.

போன சனிக்கிழமை நல்ல வெயில். எலுமிச்சை சாதத்தைச் சாப்பிட்டு முடித்துவிட்டு, சுற்றுமுற்றும் ஆள் இல்லை என்று பார்த்துக்கொண்டு, மேட்டின் உச்சியில் ஏறி நின்றேன். என் பெயர், ஊர் ஷென்லி புரூக் எண்ட், மர்ஸ்லி ஹண்ட்ரெட், இன்ன தேதியில், இன்ன கம்பத்தில் என்று தமிழிலேயே சொல்ல ஆரம்பித்தேன். பாதியில் திரும்பிப் பார்த்தால் மகள் நிற்கிறாள், புத்தகப்பையோடு, சீக்கிரமே வந்துவிட்டாள்.

"யார்கிட்டப்பா பேசுற?"

சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் மேட்டைப் பார்த்தாள்.

"சைக்கிள் என்ன கலர்னு சொன்னியா?"

சொல்லவில்லை. திரும்பி ஏறிச் சொல்லிவிட்டு வந்தேன்.